மண்ணும் குயவனும் மாணவனும்

திருச்சிற்றம்பலம்

சைவ சித்தாந்த நூல்களைப் பயில்வார்க்கு முதற்கண் எதிர்ப்படும் உவமைகளுள் ஒன்று, குடமும் அதனை வனைந்த குயவனுமாம். குடமாகிய காரியத்திற்கு மண் முதற்காரணம், தண்டும் திரிகையும் துணைக்காரணம், குயவன் நிமித்தகாரணம். அவ்வாறே உலகமாகிய காரியத்திற்கு மாயை முதற்காரணம், சிவசத்தி துணைக்காரணம், சிவபிரான் நிமித்தகாரணம் என்று அருணந்தி சிவாசாரியார் சிவஞானசித்தியார் சுபக்கத்தில் நிறுவியருளினார். இவ்வுவமையை நாம் பன்முறை ஓதியிருக்கின்றோம். பிறரை ஓதுவித்தும் இருக்கின்றோம். ஆயின், மண்ணைக் கையால் அளைந்து ஒரு சிறு அகலேனும் செய்து பார்த்தார் நம்முள் எத்துணையர்? யாம் செய்ததில்லை. அண்மையில் காட்டுப்பள்ளியைச் சார்ந்த ஒரு தொடக்கப்பள்ளியில், சிறு பிள்ளைகள் களிமண்ணால் உருச்செய்து பயில்வதைக் கண்டபோழ்தே, நெடுநாள் நாவளவில் நின்ற அவ்வுவமை எம் கருத்தளவிற் புகுந்தது. அதனோடு ஓர் ஐயமும் உடன் புகுந்தது. அவ்வையத்தை அன்பர்கள் முன் வைத்து, ஆசாரியர்கள் வகுத்த நெறிநின்று விடைகாண முயல்வதே இக்கட்டுரையின் நோக்கமாம்.

காட்டுப்பள்ளி, திருவொற்றியூர்க்கும் எண்ணூர்க்கும் வடக்கே, கீழ்பால் கடலும் மேல்பால் கழியும் சூழ நீண்டு கிடக்கும் மணல்நிலம். கொசத்தலையாறு எண்ணூர்க் கழிமுகத்தில் கடலொடு கலக்கும். வடக்கே பழவேற்காட்டு ஏரி விரிந்துளது. முன்னர் வலையும் கட்டுமரமுமே வாழ்வாகக் கொண்ட குப்பங்கள் இங்கிருந்தன. 1990-களில் அனல்மின் நிலையமும், 2001-ஆம் ஆண்டில் எண்ணூர்த் துறைமுகமும், அதற்குப் பத்தாண்டுகட்கு மேற்பட்டுக் காட்டுப்பள்ளித் துறைமுகமும் எழுந்தன. இன்று அப்பிள்ளைகள் கண்விழிக்குங்கால் காண்பன, வானளாவிய பாரந்தூக்கிகளும் புகைபோக்கிகளும் மலைபோல் அடுக்கிய சரக்குப் பெட்டகங்களுமேயாம். யாண்டும் மணலாதலின், கைத்தொழில் வகுப்பிற்கு வேண்டும் களிமண்ணை ஆசிரியர் மீஞ்சூர்ப் பக்கத்து ஏரி ஒன்றிலிருந்து சாக்கில் வருவித்திருந்தார்.

மணலும் மண்ணே, களியும் மண்ணே. ஆயினும் மணலால் வனைதல் இயலாது. களிமண்ணின் துகள்கள் மிக நுண்ணியன, தகட்டு வடிவின. அவற்றிடை நீர் புகுந்தவழி ஒன்றன்மேல் ஒன்று வழுக்குமேயன்றிப் பிரியா. ஆகலின் அழுத்தியவாறு வளைந்து, வளைந்தவாறே நிற்கும். மணற்பரல்களோ பருத்துத் திரண்டன. நீர் உள்ளளவும் ஒட்டி நின்று, நீர் வற்றியதும் உதிரும். இவ்வேறுபாட்டை அப்பிள்ளைகட்கு எவரும் சொல்லவில்லை. அவர்தம் விரல்களே கண்டறிந்தன. நீர் மிகின் உரு சரிந்தது. நீர் குறையின் வெடித்தது. கல்லும் வேரும் களையாது பிசைந்தவன் பொம்மையின் கால் ஒடிந்தது. தனியே உருட்டிய கையை உடலில் வெறுமனே ஒட்டினால் காய்ந்தபின் வீழ்ந்தது. இரண்டிடத்தும் கீறிக் குழம்பு தடவி ஒட்டினால் நின்றது. காரியம் காரணத்தின் இயல்பை மீறாது என்னும் சற்காரியவாதத்தை ஏழு வயதினர் ஒரு நாழிகையிற் கற்றனர்.

இனி, எம் ஐயம் எழுந்த இடம் கூறுதும். ஒரு சிறுவன் படகு ஒன்று செய்தான். அதன் ஒருபக்க விளிம்பு உயர்ந்தும் மறுபக்கம் தாழ்ந்தும், நடுவே ஒரு திரள் மண் அப்பியும் இருந்தது. மேற்பார்த்து வந்த ஆசிரியர் ஒருவர், நன்மை கருதியே, அதனை எடுத்துப் பிசைந்து, இமைப்பொழுதில் ஒப்புரவான அழகிய படகொன்றாக்கி அவன் கையிற் கொடுத்து, “களிமண்ணும் குழந்தையும் ஒன்றே, நாம் பிடிப்பதுதான் உரு” என எம்மை நோக்கி நகைத்தார். சிறுவன் அதனை வாங்கவில்லை. “இது எங்க படகு இல்ல சார்” என்றான். பின்னர் உசாவியறிந்தோம்: அவன் தந்தையின் படகு ஒரு பக்கம் அடிபட்டு ஒட்டுப்போடப் பெற்றது. அக்கோணல் அவன் கையின் பிழையன்று. அவன் கண்ட உண்மை.

“களிமண்ணும் குழந்தையும் ஒன்றே” என்னும் அம்மொழி அவ்வாசிரியர்க்கு மட்டும் உரியதன்று. மேடைதோறும் வழங்குவது, கேட்டார் தலையசைப்பது. ஆங்கில நாட்டு ஜான் லாக் என்பார் 1693-ஆம் ஆண்டில் கல்வியைப் பற்றி எழுதிய நூலின் இறுதியில், தாம் கருதிய சிறுவனை எழுதப்படாத வெண்டாளாகவும் வேண்டியவாறு உருவாக்கத்தக்க மெழுகாகவும் கொண்டதாகக் கூறினார். இதற்கு மறுதலையாக, ஜெர்மானிய நாட்டில் 1837-ஆம் ஆண்டில் சிறுபிள்ளைகட்குப் பள்ளி கண்ட பிரோபெல் என்பார், பிள்ளையைச் செடியாகவும் பள்ளியைத் தோட்டமாகவும் கொண்டார். தாமே களிமண்ணில் உருச்செய்தலை அப்பள்ளியின் தொழில்களுள் ஒன்றாக வைத்தவரும் அவரே. மெழுகு எனின் எல்லாம் பிடிப்பவன் செயல். செடி எனின் எல்லாம் விதையின் உள்ளே முன்னரே உளது. தோட்டக்காரன் நீர் வார்த்து வேலியிட்டு நிற்பவனே. இவ்விரண்டனுள் எது நம் சித்தாந்தத்திற்கு உடன்பாடு? அன்றி, இரண்டும் அன்றோ? இதுவே வினா.

முதற்கண், குழந்தை மண்ணாகுமா எனக் காண்போம். குயவன் உவமையில் மண்ணின் இடத்தே ஆசிரியர்கள் வைத்தது மாயையை, உயிரையன்று. இஃது ஊன்றி நோக்கத்தக்கது. உயிர் படைக்கப்பட்ட பொருளன்று. பதியைப்போல அதுவும் அநாதி. இறைவன் படைத்துக் கொடுப்பன உயிர்க்கு வேண்டும் தநு கரண புவன போகங்களே. முழுமுதற் குயவனாகிய சிவபிரானே உயிரை மண்ணாகக் கொண்டு வனைந்திலன் எனின், ஊதியம் பெற்று ஒன்பது மணிக்கு வந்து நான்கு மணிக்கு மீளும் நாம் அதனை வனைவோம் என்றல் எத்துணை மிகை! மேலும், மண் சடம், உயிர் சித்து. மண்ணுக்குத் தான் குடமாவதில் விருப்பும் இல்லை, வெறுப்பும் இல்லை. “இது எங்க படகு இல்ல” என்று மண் சொல்லாது, பிள்ளை சொல்லும். அச்சொல் எழுந்தவிடத்தே உவமை முறிந்தது.

அற்றேல், உயிர் சார்ந்ததன் வண்ணமாம் இயல்பிற்று என்று நூல்கள் கூறுதல் என்னை? சார்ந்ததன் வண்ணமாவது பிடித்த பிடிக்கு உருவாகும் மண்ணை ஒப்பதேயன்றோ எனின், அன்று. அதற்கு ஆசிரியர் கூறிய உவமை படிகமேயன்றி மண்ணன்று. செம்மலரை அடுத்த படிகம் சிவந்து தோன்றும். மலரை நீக்கியவழித் தன் ஒளியே காட்டும். குடமான மண்ணோ திரிந்து வேறு வடிவெய்தும். உயிர் நல்லினத்தை அடுத்து நல்லதாயும் தீயினத்தை அடுத்துத் தீயதாயும் நிற்கும். எனினும் அதன் அறிவு அழிந்து பிறிதாதல் ஒருகாலத்தும் இல்லை.

இதனினும் பெரியதொரு வேறுபாடு உளது. களிமண்ணைச் சூளையிலிட்டு ஏறக்குறைய 600 பாகை வெப்பம் ஏற்றின், அதனோடு இயைந்து நின்ற நீர் நீங்கும்; அதன்பின் எத்துணை நாள் நீரில் ஊறவைப்பினும் அது மீளக் களிமண்ணாகாது. கோணிச் சுட்ட குடம் கோணியதே. உயிர்க்கு அத்தகைய சூளை ஒன்றில்லை. இருள்மலத்தால் எத்துணை இறுகியதாயினும், பிறவிதோறும் வினைகளை நுகர்ந்து மலபரிபாகம் எய்துதற்கு உரித்தாகாத உயிர் யாண்டும் இல்லை என்பதே நம் சமயத்தின் உயிர்நிலை. ஆகலின், ஏழு வயதுப் பிள்ளையை நோக்கி, “இவனுக்குக் கை வராது, இவனுக்குப் படிப்பு ஏறாது” என்று முடிவு கட்டும் ஆசிரியர், சுட்டமண்ணின் இயல்பை உயிரின்மேல் ஏற்றிக் கூறுகின்றார். அது கல்வித்துறைப் பிழை மட்டுமன்று, சித்தாந்தப் பிழையுமாம்.

இனி, செடி என்பார் கூற்றை ஆராய்வோம். எல்லாம் பிள்ளையினுள்ளே உளது; விட்டுவிட்டாற் போதும், தானே மலரும் என்பது கேட்டற்கு இனிது. ஆயின் உயிர் அறிவித்தால் அறியும் இயல்பினதேயன்றித் தானே அறிவதன்று என்பது நம் துணிபு. கண் ஒளியுடையதாயினும் கதிரொளி இன்றிக் காணாது. கதிரொளி மட்டும் உண்டாயினும், உயிர் உடன்நின்று காணாவிடின் கண் காணாது. இதுபற்றியே இறைவன் உயிர்கட்குச் செய்வன காட்டும் உபகாரம், காணும் உபகாரம் என இரண்டாக விரித்துரைக்கப்பட்டன. பொருளையும் கருவியையும் கூட்டுவித்தல் காட்டும் உபகாரம். உயிரோடு ஒன்றாய் உடனின்று அதன் அறிவை அறியச் செய்தல் காணும் உபகாரம். பின்னையது சிவபிரானுக்கே இயல்வது. முன்னையதிலோ ஆசிரியனுக்கும் ஒரு சிறு பங்கு உண்டு. மண் கொணர்தல், கல் பொறுக்கும் முறை காட்டுதல், கீறி ஒட்டும் வழி சொல்லுதல், வெயிலில் வையாது நிழலில் உலர்த்தச் செய்தல் ஆகிய இவையெல்லாம் அப்பங்கே. இவற்றைச் செய்யாது விடுதல் பிள்ளைக்கு உரிமை கொடுத்ததாகாது, கடமையின் வழுவியதாம். இவற்றைக் கடந்து பிள்ளையின் படகைத் தான் செய்தல், காணும் உபகாரத்தைத் தான் மேற்கொள்ளப் புகுந்த மிகையாம்.

‘கலை’ என்னும் சொல் ஈண்டு நினைவிற்கு வருகின்றது. பள்ளியில் இவ்வகுப்பிற்குப் பெயர் கலை வகுப்பு. நம் தத்துவ முறையிலும் கலை என்பதொன்று உண்டு. காலம், நியதி, கலை, வித்தை, அராகம் என்னும் ஐந்தனுள், ஆணவ இருளைச் சிறிதே நீக்கி உயிரின் செயலாற்றலை விளக்குவது கலை; அறிவாற்றலை விளக்குவது வித்தை; விழைவாற்றலை எழுப்புவது அராகம். இரண்டிடத்தும் வழங்கும் சொல் ஒன்றாயினும் பொருள் வேறென்பதை அறிவோம். ஆயினும் ஒப்புமை பயனுடையது. கலாதத்துவம் செயலாற்றலைப் புதிதாக உண்டாக்குவதில்லை, மறைந்திருந்ததை விளக்குகின்றது. கலை வகுப்பின் பயனும் அதுவே. எழுத்தறியும் முன்னரும், எண்ணறியும் முன்னரும், ‘என்னாற் செய்ய இயலும்’ என்று ஒரு பிள்ளை தன் விரலின் வழித் தன்னை அறிகின்றது. 1937-ஆம் ஆண்டு வார்தாவில் கூடிய கல்வி மாநாட்டில் காந்தியடிகள் கைத்தொழிலைக் கல்வியின் நடுவில் வைத்ததும், 1939-ஆம் ஆண்டு சென்னை அடையாற்றிற்கு வந்து ஆசிரியர்கட்குப் பயிற்சி தந்த மாண்டிசோரி அம்மையார் தம் நூலில் சிறு கலங்களும் செங்கற்களும் பிள்ளைகளைக்கொண்டு செய்வித்தலை விரித்ததும் இக்கருத்திற்கு அரணாவன. தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளில் 2022-ஆம் ஆண்டு தொடங்கிய கலைத்திருவிழாவிலும் களிமண்ணில் உருச்செய்தல் ஒரு போட்டியாக இடம்பெற்றுளது.

“மண்ணளைதல் குயவர் தொழில், எம் பிள்ளைக்கு எதற்கு?” என்று வினவுவார் இன்றும் சிலர் உளர். அவர்கள் சைவராயின், திருத்தொண்டத்தொகையைப் பாராயணம் செய்பவராயின், ஒன்று நினைதல் வேண்டும். சுந்தரமூர்த்தி சுவாமிகள் தில்லைவாழந்தணரை முன்வைத்து, அடுத்த இடத்தை அளித்தது யாருக்கு? தில்லையில் ஓடு வனைந்து அடியார்க்கு அளித்த திருநீலகண்டக் குயவனார்க்கே. அந்நாயனார் வரலாற்றில் எம் வினாவிற்கு வேண்டும் ஒளி ஒன்றும் உளது. சிவயோகியாய் வந்த பெருமான் தம் ஓட்டினை அவர்பால் அடைக்கலமாக வைத்து, பின்னர் அதனை மறையச் செய்து, மீண்டு வந்து கேட்டார். நாயனார் அதனினும் நல்லதோர் ஓடு தருவேன் என்று இரந்தார். பெருமான் இசைந்திலர், பொன்னாலாகியது தரினும் கொள்ளோம், யாம் தந்த மண்ணோடே வேண்டும் என்றார். அவ்வழக்கு எவ்வாறு முடிந்து நாயனார்க்கு வீடளித்தது என்பதை அன்பர் அறிவர். யாம் சுட்டுவது இதுவே: ஒருவர் பொருளுக்கு அதனினும் அழகியதொன்று ஈடாகாது. சிறுவனின் கோணற்படகிற்கு ஆசிரியரின் செம்படகு ஈடாகாது போயது அதனாலேயாம்.

பிள்ளை விளையாட்டைப் பெரியோர் கண் எங்ஙனம் காண்கின்றது என்பதற்குச் சண்டேசுர நாயனார் வரலாறே சான்று. சேய்ஞலூர்ச் சிறுவர் விசாரசருமர் மண்ணியாற்றின் மணற்குன்றில் ஆத்தி நிழலின்கீழ் மணலால் இலிங்கமும் கோயிலும் கோபுரமும் அமைத்துப் பாலாட்டினார். கண்டான் ஒருவன் ஊரார்க்குச் சொல்லியது, இவன் பாலை வீணே மணலிற் சொரிகின்றான் என்பதே. தந்தை எச்சதத்தன் வந்து பாற்குடத்தைக் காலால் இடறினான். இருவர் கண்ணிற்கும் ஆண்டு மணல் இருந்தது, சிவம் இல்லை. எல்லாப் பிள்ளைகளும் விசாரசருமர் ஆகார். எல்லா மணல்வீடும் திருக்கோயில் ஆகாது. ஆயினும் எது எதுவென்று நாம் முன்னறிய மாட்டாமையின், காலைத் தூக்குமுன் ஒரு கணம் தாழ்த்தல் அறமாம். நம் சந்தான பரம்பரையின் முதற்குரவராகிய மெய்கண்டாரும் சிறு மகவாயிருந்தே ஞானாசாரியராய் விளங்கினார் என்பதும், சகலாகம பண்டிதராய் ஆண்டிலும் கல்வியிலும் மூத்த அருணந்தியார் அம்மகவின் அடியில் மாணவராய் வீழ்ந்தார் என்பதும் வரலாறு. அங்கே வனைந்தவர் யார், வனையப்பட்டவர் யார்?

அங்ஙனமாயின், பிள்ளை செய்தவற்றையெல்லாம் புகழ்ந்து போற்றிப் ‘யான் செய்தேன், எனது’ என்னும் செருக்கை வளர்த்தல் நன்றோ என ஒரு தடை எழலாம். யான் எனது என்னும் செருக்கை அறுத்தலே நம் நெறியாதலின் இது தக்க தடையே. இதற்கு விடையை அன்று மாலையிலேயே கண்டோம். வகுப்பு முடிந்ததும், பிள்ளைகட்குக் கற்பிக்கும் ஆசிரியை ஒருவர் பெரிய மண்தொட்டியை நடுவே வைத்து, “வீட்டிற்குக் கொண்டுபோக வேண்டியதை வைத்துக்கொள்ளுங்கள், மற்றதைத் தொட்டியில் போடுங்கள், அடுத்த கிழமை இதே மண்ணில் வேறு செய்வோம்” என்றார். சிலர் தம் பொம்மைகளை மார்போடணைத்துச் சென்றனர். பலர் தாமே பிசைந்து இட்டனர். கண்ணீர் விட்டாள் ஒருத்தி. ஆசிரியை அவளைக் கடியாது, அவள் யானையைச் சாளரத்தில் வைத்து, “இது ஒரு வாரம் இருக்கட்டும்” என்றார். படகுச் சிறுவனோ தான் மீளச் செய்த ஒட்டுப்படகை நெடுநேரம் நோக்கியிருந்து, பின் தானே அதனைத் தொட்டியிலிட்டான்.

காலையில் ஒரு படகு உடைந்தது. மாலையிலும் ஒரு படகு உடைந்தது. மண்ணின் அளவில் இரண்டும் ஒன்றே. ஆயினும் முன்னையது இகழ்ச்சி, பின்னையது ஒடுக்கம். சங்காரம் என்பது அழிவன்று, பிறந்திறந்து இளைத்த உயிர்கட்கு இளைப்பாற்றுதல் என்பர் நம் ஆசிரியர். வடிவு நீங்கினும் காரணத்தினுள் சூக்குமமாய் நிற்கும். உரிய காலத்து மீளத் தோன்றும். ‘எனது’ என்று பற்றியதைத் தானே விடுதலால், அச்சிறுவன் செருக்கினின்று ஒரு படி நீங்கினான். பிறர் பறித்து உடைத்திருப்பின் ‘எனது’ என்பது இன்னும் இறுகியிருக்கும். பற்றையறுத்தற்குப் பற்றியவனே விடவேண்டும். விடுதற்கு முன் அது அவனதாய் இருத்தலும் வேண்டும். ஆண்டுதோறும் கொசப்பேட்டையில் வனையப்பெற்ற பிள்ளையார் திருவுருவங்களை வழிபட்டுக் காசிமேட்டுக் கடலில் விடுகின்றோமே, சுடாத களிமண்ணாயின் அது நீரிற் கரைந்து மீள மண்ணாகின்றது. கரையாத சுதைமாவால் செய்து வண்ணம் பூசியதோ கரையில் ஒதுங்கிக் கிடக்கின்றது, மீனையும் கெடுக்கின்றது. விடத் தெரியாத வழிபாடு அது.

திருவொற்றியூரில் எழுந்தருளியிருக்கும் ஆதிபுரீசர் புற்றுமண்ணாலாகிய திருமேனியர். ஆண்டு முழுதும் கவசத்துள் மறைந்திருந்து, கார்த்திகைப் பௌர்ணமியை ஒட்டி மூன்று நாள் மட்டும் அக்கவசம் நீங்கக் காட்சியளிக்கின்றார். கல்லும் பொன்னும் இருக்கப் பெருமான் மண்ணையே மேனியாகக் கொண்டருளினார். அம்மேனியை எந்தக் குயவனும் வனைந்திலன். எந்தச் சிற்பியும் திருத்திலன். சிறு செல்கள் கொணர்ந்த மண்ணின் ஒழுங்கற்ற திரட்சியே ஆண்டு வணங்கப்படுகின்றது. அத்திருமுன் நின்று, ‘கோணல்’ என்று சொல்ல யார் நா எழும்?

ஆகவே, குழந்தை மண்ணும் அன்று, செடியும் அன்று. ஆசிரியன் குயவனும் அல்லன். வெறும் காவற்காரனும் அல்லன். மண்ணாவது இவ்வுலகம், அதில் கைவைத்துப் பயில்வது உயிர், மண்ணையும் கையையும் கூட்டுவித்து, உள்நின்று காணச் செய்பவன் இறைவன். ஆசிரியன் செயல், மண்ணைக் கொணர்ந்து வைத்துப் பக்கத்தில் அமர்தல், கேட்டதைக் காட்டுதல், காட்டியபின் தன் கையை மடக்கிக் கொள்ளுதல். இம்மூன்றனுள் கடையதே மிக அரிது. பெற்றோராகவும் ஆசிரியராகவும் உள்ள அன்பர்கள் இதனைத் தம் வீட்டிலும் பள்ளியிலும் சிறிதே முயன்று பார்ப்பாராக. முன்னம் ஒருமுறையேனும் தாமே ஒரு பிடி களிமண்ணை எடுத்துப் பிசைந்து பார்ப்பாராக. சிவஞானசித்தியாரின் அவ்வுவமை அப்போழ்து அவர்தம் விரல்களிலும் விளங்கும்.

திருச்சிற்றம்பலம்